தலைமாட்டுச் சூடு

இந்தப் பக்கம் உட்காருங்கள் அண்ணாச்சி. அந்தப் பக்கம் சேர்மாதேவி தாண்டும் வரைக்கும் வெயில் ஆளை வறுத்துவிடும். ஜன்னலோரம் வேண்டுமென்றால் எழுந்து தருகிறேன், எனக்கு ஜன்னல் முக்கியமில்லை. எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர்ச்சி என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. பஸ்ஸில் ஏறினாலும் கண் தானாக அதைத்தான் பார்க்கிறது.

கண் சிவந்திருக்கிறதா? குடித்துவிட்டு வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. படுக்கவில்லை. குளித்துவிட்டு அப்படியே தூத்துக்குடியில் பஸ் ஏறிவிட்டேன். மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்ரசர் ஆபரேட்டர். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. இறாலும் கணவாயும் பெட்டி பெட்டியாக நாலு அறையில் உறைந்து கிடக்கும். அறை எப்போதும் மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும். பதினேழு ஆனால் மேலே இருப்பவனுக்கு வியர்க்கும். அந்தப் பதினெட்டைக் காப்பாற்றுகிறவன் நான்.

அம்பாசமுத்திரம் போகிறேன். கொழுந்தியாள் வீடு. என் வீட்டுக்காரி அங்கேதான் இருக்கிறாள், இன்றோடு பன்னிரண்டு நாள். கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். வருவாளா, தெரியவில்லை. போனில் கேட்டால் பதில் இல்லை. "சாப்பிட்டீங்களா" என்கிறாள், "சரி, வச்சிரட்டுமா" என்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை.

சண்டையெல்லாம் இல்லை அண்ணாச்சி. ஏசிதான் காரணம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சொன்னால் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நிஜம் அதுதான். எங்கள் வீட்டு ஏசி ஒரே மாதிரி குளிரவில்லை. அதைச் சரி பண்ணப் போய்த்தான் இவ்வளவும்.

எங்களுடையது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள், எங்களுக்கு மேலே மொட்டைமாடி. வெயில் வந்தால் முதலில் எங்களைத்தான் விசாரிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படுக்கையறைக்கு ஒரு டன் ஏசி போட்டோம். எனக்காகப் போட்டதுதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல்தானே ராத்திரி. காலையில் ஏழு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணி வரைக்குமாவது தூங்க வேண்டும். ராத்திரி அதே கட்டிலில் அவள் படுப்பாள். அவள் எழுந்த சூட்டில் நான் படுப்பேன், நான் எழுந்த சூட்டில் அவள். ஒரு கட்டில், இரண்டு ஷிஃப்ட். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. இதற்கு நடுவில் ஒரு பெண் பிறந்து, படித்து, கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அதெல்லாம் எந்த ஷிஃப்டில் நடந்தது என்று எனக்கே ஞாபகமில்லை.

முதல் வருஷம் ஏசி நன்றாக இருந்தது. இரண்டாவது வருஷமும் நன்றாக இருந்தது. இந்தச் சித்திரையில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் நான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், உலகு சொல்கிறாள். உலகு என்றால் உலகம்மாள், பாபநாசத்து அம்மன் பெயர். இந்தப் பக்கத்துப் பெண்.

"ஏங்க, இந்த ஏசில என்னமோ ஆயிப்போச்சு. ராத்திரி தலைமாட்டுல தீயா எரியுது. காலு மட்டும் ஐஸாட்டம் இருக்கு."

பார்த்தீர்களா, அவளேதான் சொன்னாள், ஏசியில் என்னமோ ஆகிவிட்டது என்று. நானாகக் கிளப்பவில்லை. அதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உள்ளுக்குள் சின்ன சந்தோஷம்கூட வந்தது. நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஐடிஐ வாசல் எந்தத் திசை என்று தெரியாது. கம்பெனிக்குப் பெட்டி தூக்கப் போனவன், மெஷின் அறையில் முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். பழைய புத்தகக் கடையில் குளிர்பதனப் புத்தகம் ஒன்று கிடைத்தது, இங்கிலீஷ். பக்கத்திலேயே அகராதியை வைத்துக்கொண்டு நாலு வருஷம் படித்தேன். கம்பெனியில் நாலாம் நம்பர் அறையில் மூலையில் மட்டும் சரக்கு இளகிக்கொண்டே இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். நான்தான் சொன்னேன், பெட்டியைச் சுவரில் ஒட்டி அடுக்காதே, ஒரு சாண் தள்ளி அடுக்கு, காற்று சுற்றிப் போகட்டும் என்று. சரியாகிவிட்டது. அப்படிப்பட்டவனுக்குச் சொந்த வீட்டுப் படுக்கையறை எம்மாத்திரம்?

அன்றைக்கே அவள் தலை வைக்கிற இடத்தில் தலையை வைத்துப் படுத்தேன். ஜில்லென்று இருந்தது. போர்வை போர்த்திக்கொண்டு மூன்று மணி வரைக்கும் தூங்கினேன்.

இருந்தாலும் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். தலை வடக்கே ஆகாது என்றாள், கிழக்கே போட்டேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் எரிகிறது என்றாள். ஏசி வாயில் அட்டையைச் சரிவாகக் கட்டிக் காற்றைத் தலைமாட்டுக்குத் திருப்பினேன். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு எரிந்ததாம், ஒன்றரைக்குக் குளிரில் நடுங்கிப் போர்வை தேடினாளாம். ஒரே இடம், அரை மணி நேரம். அது எப்படி? காற்று அடுக்கடுக்காக நிற்கிறது என்று நினைத்தேன். மேலே சூடு, கீழே குளிர். மேஜை ஃபேனை வைத்துக் கலக்கினேன். ஜன்னலுக்குத் தெர்மாகோல் ஒட்டினேன். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை பூசினேன். கட்டிலை மறுபடி தெற்கே தள்ளினேன்.

"நான் என்ன உங்க இறால் பெட்டியா? வடக்க தள்ளுதீங்க, தெக்க தள்ளுதீங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்தமடை வந்துவிட்டது. ஏறுகிறவர்கள் பாய்க்கட்டையெல்லாம் ஏன் இப்படித் தலையில் இடிக்கிறார்கள்? இருங்கள், நகர்ந்துகொள்கிறேன். சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஜெபஸ்டின் என்று ஒரு பையன், நல்ல வேலைக்காரன். வந்து கேஸ் பார்த்தான், நிறைவாக இருந்தது. ஃபில்டர் கழுவினான். இரண்டாம் தடவை வந்து காயிலைக் கழுவினான். மூன்றாம் தடவை, "அண்ணே, மெஷின்ல ஒண்ணுமில்லண்ணே. புதுசு மாதிரி இருக்கு" என்றான். நாலாம் தடவை வந்தவன் ஏணியிலேயே ஏறவில்லை. உலகு டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்கிறான்.

"அண்ணே, அக்காவுக்கு என்ன வயசிருக்கும்?"

"நாப்பத்தெட்டு. அதுக்கென்ன?"

"இல்ல, எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ஒரு மூணு வருசம். ஒரு தடவ டாக்டரம்மாட்ட காட்டிருங்களேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, நீ ஏசி பாக்க வந்தியா, என் பொண்டாட்டியப் பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். பையன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஸ்பானரைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். அடுப்படியிலிருந்து உலகு, "அந்தத் தம்பி சொல்லுதது..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. இவனுக்குக் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியல, வயசு கேட்டுக்கிட்டு நிக்கான்" என்றேன்.

சும்மா இருந்துவிட்டாள். அவள் அப்படித்தான், நான் சும்மா இரு என்றால் சும்மா இருந்துவிடுவாள். அதில் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் கிடையாது.

வயசு எனக்கும்தான் ஆகிறது. ஐம்பத்திரண்டு. எனக்கு எரியவில்லையே? போன வருஷம் அதே கட்டில், அதே அறை, அதே மனுஷி. இந்த வருஷம் எரிகிறதென்றால் எது மாறியிருக்கிறது? மெஷின்தானே மாறியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு தடவை கேட்டாள். "ஒரு ராத்திரி நீங்க இங்கன இருந்து பாருங்களேன்" என்று. நியாயம்தான். கோளாறு நடக்கிற நேரத்தில் ஆள் இருந்தால்தானே தெரியும். ஆனால் சீசன் நேரம் அண்ணாச்சி, நாலு அறையும் நிறைந்து கிடக்கிறது, லீவு எப்படிக் கேட்பது. இதற்குமுன் பொங்கலுக்கு அப்புறம் எங்கள் சூப்பர்வைசர் செல்வின் கூப்பிட்டு, "அண்ணாச்சி, பகல் ஷிஃப்ட் ஒண்ணு காலியாவுது, வாறீங்களா" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். பகலில் ஆள் ஜாஸ்தி, பேச்சு ஜாஸ்தி. ராத்திரி என்றால் மெஷின் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்குள்ளே உட்கார்ந்திருந்தால் மனசு அங்கே இங்கே போகாது. போனாலும் யாருக்கும் தெரியாது. பகலில் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? உலகிடம் இதைச் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்றாள். அவளுக்கும் சம்மதம்தான்.

லீவு போட முடியாது. ஆனால் வழி ஒன்று இருந்தது. கம்பெனியில் செய்கிற வழிதான். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் முள்ளைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நேரம், ஒன்றாம் அறை, இரண்டாம் அறை, கடைசியில் குறிப்பு. ஒரு வாரத் தாளைப் பரப்பி வைத்தால் போதும், கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதுவே சொல்லும். மனுஷன் சொல்வதை நம்ப முடியாது, எரிகிறது என்பான், குளிர்கிறது என்பான். நம்பர் பொய் சொல்லாது.

ஐந்து தெர்மாமீட்டர் வாங்கினேன். அறையின் நாலு மூலைக்கு நாலு. ஐந்தாவது அவள் தலைமாட்டில். தாள் கோடு போட்டு ஜெராக்ஸ் எடுத்துவந்து, அட்டையில் கிளிப் போட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு என்று காலை ஐந்து வரை எட்டுத் தடவை. போனில் அலாரமும் வைத்துக் கொடுத்தேன்.

"மணிக்கு மணி எந்திரிக்கணுமா?" என்றாள்.

"நீதான் தூங்கலங்கியே. சும்மா கிடக்கதுக்கு எழுதலாம்லா" என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தூக்கம் வரவேண்டும் என்றுதானே அதைச் செய்தது.

எழுதினாள் அண்ணாச்சி. ஒரு நாள் விடவில்லை. எட்டாம் வகுப்புத்தான் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காலையில் நான் வரும்போது தாள் மேஜைமேல் இருக்கும், பக்கத்தில் காபி இருக்கும். நான் காபியைக் குடித்துக்கொண்டே நம்பரைப் பார்ப்பேன். முதல் நாள், எல்லாம் இருபத்துநாலு. இரண்டாம் நாள், இருபத்துநாலு. எங்கேயோ ஒரு இருபத்துநாலரை. தலைமாட்டில் இருபத்துநாலு, கால்மாட்டில் இருபத்துநாலு. பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் அதே மாதிரி.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

தெர்மாமீட்டர் கோளாறு என்று நினைத்தேன். அதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஐஸை நொறுக்கித் தண்ணீரில் போட்டு ஐந்தையும் முக்கி வைத்தால் எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். வைத்தேன். ஐந்தும் பூஜ்யம் காட்டின. நூல் பிடித்த மாதிரி ஐந்தும் சரி. அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன் பாருங்கள், எனக்கு என்னமோ பயமாக இருந்தது. மெஷினில் கோளாறு என்றால் நான் ஒரு கை பார்த்துவிடுவேன். மெஷின் சரி, தெர்மாமீட்டர் சரி, அறை சரி என்றால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறென்ன தெரியும்?

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. கம்பெனியில் சோம்பேறி ஆபரேட்டர்கள் உண்டு. அறைக்குள் போகமாட்டான். குளிருக்குப் பயந்து மேஜையிலேயே உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் நம்பரை எழுதி வைத்துவிடுவான். எப்படிப் பிடிப்போம் தெரியுமா? நம்பர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நிஜ நம்பர் கொஞ்சம் ஆடும். பொய் நம்பர் ஆடாது. அப்படி எழுதின இரண்டு பேரை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தனுக்கு வேலை போயிற்று.

தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உலகு, நெசத்தச் சொல்லு. நீ பாத்து எழுதுனியா, பாக்காம எழுதுனியா?"

அவள் முதலில் என்ன கேட்கிறேன் என்றே புரியாமல் பார்த்தாள்.

"இது பாக்காம எழுதுன நம்பரு. எனக்குத் தெரியும். இருபத்திரெண்டு வருசமா இதத்தான பாக்கேன். படுத்துக்கிட்டே எழுதிருக்க."

மடித்த சேலையை அடுக்கில் வைத்தாள். "பத்தொம்போது நாளு" என்றாள். அவ்வளவுதான். ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று நான் நின்றேன். சாப்பாடு எடுத்து வைத்தாள். சாயங்காலம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி கீழ்வீட்டில். இட்லி சுட்டு மூடி வைத்திருக்கிறாள், சட்னி இருக்கிறது, என் லுங்கி துவைத்துக் காய்ந்து மடித்துக் கட்டில்மேல் இருக்கிறது. அவள் பை இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்து படுப்பேன் என்று போட்டுவிட்டே போயிருக்கிறாள்.

போன் பண்ணினால் கொழுந்தியாள் எடுத்தாள். மரகதம் என்று பெயர். கல்யாணத்தில் சின்னப் பெண்ணாக என் பின்னாலேயே திரிந்தவள், என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"அத்தான், இத உங்ககிட்டச் சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா நீங்க கேக்குற ஆளு கெடையாது, அதனால சொல்லுதேன். அக்காவுக்கு மாசாமாசம் வாறது நிக்குற வயசு. அதுல வாற சூடு அது. உள்ள இருந்து வாறது. இங்க டாக்டரம்மா பாத்துச் சொல்லியாச்சு. இதுக்கு உங்க ஏசி என்ன செய்யும்?"

நான் கேட்டேன், "ஒரு தடவ வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்? எத்தன டிகிரி ஏறும்?"



"அத்தான், நீங்க போன வைங்க" என்றாள்.

தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன் அண்ணாச்சி. தெரியாமல் எப்படிச் சரி பண்ணுவது?

இன்னொரு விஷயம் கேளுங்கள். அம்பையில் அவர்கள் வீட்டில் ஏசியே கிடையாது. ஒரு ஃபேன். அதுவும் கிறீச் கிறீச்சென்று சுற்றும். அங்கே இவள் தூங்குகிறாளாம். அடுத்த தடவை மரகதம் சொன்னாள். "ராத்திரி முழிப்பா. அவ முழிச்சா நானும் முழிச்சுக்கிடுவேன். முந்தானையால வீசிக்கிட்டே ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதையாவது பேசிட்டுக் கிடப்போம். பெறகு தன்னால தூங்கிருதா." நான் நினைக்கிறேன், அங்கே ஆற்றுக்காற்று வருகிறது. தாமிரபரணி பக்கத்தில்தானே. எந்தத் திசையில் தலை வைத்துப் படுக்கிறாள் என்று இன்றைக்குப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

வீரவநல்லூர் தாண்டிவிட்டோமா? பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். இல்லையா? சரி.

அவள் போன பிறகு அந்த அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்துநாலில் வைத்தேன், இருபத்தாறில் வைத்தேன். கட்டில் சில்லென்று கிடந்தது. நான் வந்து படுக்கும்போது எப்போதும் ஒரு பக்கம் கதகதப்பாக இருக்கும், இருபத்திரண்டு வருஷமாக அதைக் கவனித்ததே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பகல் பூராவும் முழித்துக் கிடந்தேன். சரி, நம்பரை இன்னொரு தடவை பார்ப்போம், எங்கேயாவது ஒரு ஆட்டம் தட்டுப்படும் என்று தாள்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன்.

கடைசிக் கட்டம் குறிப்பு என்று சொன்னேன் அல்லவா? கம்பெனியில் அதை யாரும் படிப்பதில்லை. சரக்குக் கெட்டுப்போனால் மட்டும் பழைய தாளை எடுத்து யார் என்ன எழுதினான் என்று பார்ப்பார்கள். நானும் நம்பரைத்தான் பார்த்தேன். பத்தொன்பது நாளும் நம்பரை மட்டும்தான் பார்த்தேன்.

அவள் எழுதியிருக்கிறாள் அண்ணாச்சி.

'எரிகிறது. ஜாக்கெட் நனைந்துவிட்டது. மாற்றினேன்.' இது பன்னிரண்டு மணிக்கு. 'குளிர்கிறது. போர்வை.' இது ஒரு மணிக்கு. 'நாய் குரைக்கிறது.' 'மாடியில் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. பூனை.' 'கண்ணாடியில் பார்த்தேன். முகம் சிவந்து கிடக்கிறது. கிழவி ஆகிவிட்டேன்.' 'பிள்ளைக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். அவள் தூங்குவாள்.' இப்படி. எட்டாம் நாள் இரண்டு மணிக்கு ஒன்று: 'நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உங்களுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.' மெஷின் அறையில் போன் சத்தம் கேட்காது அண்ணாச்சி. அந்த இரைச்சலில் பக்கத்தில் ஆள் கத்தினாலே கேட்காது. அன்றைக்குக் காலையில் மிஸ்டு கால் பார்த்தேன், வந்து கேட்டேன், "என்ன போன் பண்ணிருக்க?" என்று. "கை பட்டிருக்கும்" என்றாள். நானும் காபி குடித்துக்கொண்டே தாளைத்தான் பார்த்தேன். அந்தத் தாளைத்தான். இரண்டு மணிக்கு நேரே இருபத்துநாலு, இருபத்துநாலு, இருபத்துநாலு என்று பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அரை அங்குலம் தள்ளி இது இருந்திருக்கிறது.

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். அழத் தெரிந்தவனாக இருந்தால் அழுதிருப்பேன். எனக்குக் கம்பெனி வழக்கம்தான் தெரியும். ஷிஃப்ட் மாறும்போது, போகிறவன் எழுதின குறிப்புக்குக் கீழே வருகிறவன் கையெழுத்துப் போட வேண்டும். 'பார்த்தேன்' என்று எழுதி, பெயர், தேதி. பார்த்துவிட்டேன், இனி என் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். உட்கார்ந்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே எழுதினேன். பார்த்தேன், குற்றாலிங்கம், தேதி. பார்த்தேன், குற்றாலிங்கம். நாய் குரைத்ததற்கும் போட்டேன். பூனைக்கும் போட்டேன். அறுபத்தாறு இடம். சாயங்காலம் வரைக்கும் ஆயிற்று.

பைக்குள்தான் இருக்கிறது. இதைக் கையில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேறே பேசத் தெரியவில்லை. இதைப் பார்த்தால் வந்துவிடுவாள் அல்லவா? உங்களுக்கும் சம்சாரம் இருப்பார்கள், நீங்கள் சொல்லுங்கள். வந்துவிடுவாள்தானே?

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. பத்தொன்பது தாள் என்றுதான் நினைத்திருந்தேன். அட்டையில் இருபதாவது ஒன்று இருந்தது. நான் கேட்ட அன்றைக்கு ராத்திரி எழுதினது, மறுநாள் காலையில் ஊருக்குப் போவதற்கு முன்னால். எட்டுத் தடவையும் நம்பர் எழுதியிருக்கிறாள். ஒரு மணியைக்கூட விடவில்லை. எல்லாம் இருபத்துநாலு. குறிப்பில் ஏழு கட்டம் காலி. கடைசியில், ஐந்து மணிக்கு மட்டும் ஒரு வரி. 'இதையும் பார்த்துத்தான் எழுதினேன்.'

அதற்குக் கீழே பேனாவை வைத்தேன் அண்ணாச்சி. நாலு தடவை வைத்தேன். பார்த்தேன் என்று எப்படிப் போடுவது? என்னென்று போடுவது?

என்ன, கல்லிடைக்குறிச்சி தாண்டிவிட்டதா? அப்படியானால் எழுந்துகொள்கிறேன், அடுத்தது அம்பைதான், டிரைவர் சரியாக நிறுத்தமாட்டான். மணி பதினொன்றரை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அப்போதுதான் எட்டரைக்குத் தூத்துக்குடி, பத்து மணிக்கு ஷிஃப்ட். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு அப்படியே ஓடவேண்டும்.

என்ன சொன்னீர்கள்? இன்றைக்கு ராத்திரி இங்கேயே தங்குவதா?

தங்கலாம். தங்கச் சொன்னால் மரகதம் வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள். ஆனால் நீங்கள் ஒன்றை யோசிக்கவில்லை அண்ணாச்சி. நாலு அறையும் நிறைந்து கிடக்கிறது. ராத்திரி நான் இல்லையென்றால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?